இடம் மாறும் புகையும் செலவும்: மின் ஊர்திகளைப் பற்றிய ஒரு கணக்கு

திருவண்ணாமலையிலிருந்து வடக்கே வேலூர் செல்லும் சாலையில், நகரை ஒட்டி அமைந்துள்ளது வேங்கிக்கால். 1989ஆம் ஆண்டு வட ஆர்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டுத் திருவண்ணாமலை தனி மாவட்டமானது. அதன் ஆட்சியர் அலுவலகம் இன்று இவ்வூரில் இருக்கிறது. திங்கட்கிழமை தோறும் மனுக்களோடு வருகிற கிராமத்தார், அன்றாடம் வேலைக்கு வருகிற அலுவலர், மாணவர், வியாபாரிகள் ஆகியோரில் பெரும்பாலோர் இருசக்கர ஊர்திகளில் வருகின்றனர். அவற்றினிடையே, ஓசையும் புகையுமின்றி ஓடுகிற ‘பேட்டரி வண்டிகள்’ கடந்த சில ஆண்டுகளாகப் பெருகி வருகின்றன.

இவ்வண்டிகளைப் பற்றி இருவகைக் கூற்றுகள் வழங்குகின்றன. ‘பெட்ரோலுக்காகும் செலவில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது, காற்றும் கெடாது’ என்பது ஒன்று. ‘மின்சாரமும் நிலக்கரியிலிருந்துதானே வருகிறது? பேட்டரியும் ஒருநாள் கெட்டுவிடும். இதில் இலாபம் ஒன்றுமில்லை’ என்பது மற்றொன்று. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. இரண்டும் முழு உண்மை அல்ல. மின் ஊர்தி செலவையும் புகையையும் குறைக்கிறது. ஆயினும் எஞ்சி நிற்பவற்றை அது அழித்துவிடுவதில்லை. காலத்திலும் இடத்திலும் அவற்றை மாற்றி வைக்கிறது. ஆதலால், எவ்வளவு குறைகிறது என்பதோடு, எஞ்சியதை யார் சுமக்கிறார்கள் என்பதையும் நாம் கேட்க வேண்டும்.

1. ஓட்டும் செலவு

முதலாவது, பணக் கணக்கைப் பார்ப்போம். பெட்ரோல் ஸ்கூட்டர் ஒன்று லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடுகிறது என்றும், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றும் கொள்வோம். 100 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 222 ரூபாய் ஆகும். எஞ்சின் எண்ணெய் முதலிய பராமரிப்பையும் சேர்த்தால் 240 ரூபாயை ஒட்டும். அதே தொலைவுக்கு மின் ஸ்கூட்டருக்கு, மின்னேற்றும்போது வீணாவதையும் சேர்த்து, சுமார் மூன்றரை யூனிட் மின்சாரம் தேவை. யூனிட் 8 ரூபாய் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் 28 ரூபாய்தான் ஆகும்.

இவ்வளவில் நின்றுவிட்டால் முதற்கூற்று ஏறத்தாழ மெய்யாகிவிடும். ஆனால் பெட்ரோல் வண்டிக்காரர் தம் எரிபொருளைத் துளித்துளியாக வாங்குகிறார். மின் வண்டிக்காரரோ தம் எரிபொருட் செலவின் பெரும்பகுதியை பேட்டரியாக முன்னதாகவே வாங்கிவிடுகிறார். பேட்டரியின் விலை 60,000 ரூபாய் என்றும், அது 60,000 கிலோமீட்டர் உழைக்கும் என்றும் வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் தேய்மானம் ஆகிறது. ஆகவே, 100 கிலோமீட்டருக்கான உண்மைச் செலவு 28 ரூபாய் அன்று, 128 ரூபாய் ஆகும். பெட்ரோல் வண்டியைக் காட்டிலும் இது குறைவே. எனினும் பத்தில் ஒரு பங்கு அல்ல, பாதிக்குச் சற்று மேல்.

இங்கே இன்னொன்றையும் கருத வேண்டும். பேட்டரி ஓடுவதனால் மட்டும் தேய்வதில்லை. சும்மா நின்றாலும் அதற்கு வயதாகிறது. வெப்பம் அம்மூப்பை விரைவுபடுத்தும். திருவண்ணாமலையின் கோடையை அறிந்தோர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர் வீதம் ஆண்டில் 9,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவர், மேற்கண்ட கணக்கின்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 ரூபாய் மிச்சம் பிடிக்கிறார். நாளொன்றுக்கு 5 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவருக்கு ஆண்டில் மிச்சமாகும் எரிபொருள் செலவு சுமார் 3,200 ரூபாய். அவருடைய பேட்டரியைப் பத்தாண்டில் மாற்ற நேர்ந்தால், ஆண்டுக்கு 6,000 ரூபாய் தேய்மானமாகிறது. அவருக்கு இது நட்டமே. மின் ஊர்தியின் இலாபம் ஓடும் தூரத்தில் அடங்கியுள்ளது.

வீட்டு மின்கட்டணத்தையும் மறத்தலாகாது. தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரு மாதத்திற்கு 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் கட்டணம் படிப்படியாக உயர்கிறது. நாள்தோறும் 30 கிலோமீட்டர் ஓடும் ஸ்கூட்டர் இரு மாதத்தில் சுமார் 63 யூனிட் எடுக்கும். சிக்கனமாக மின்சாரம் செலவிடும் வீட்டிற்கு இது சிறு சுமை. ஏற்கெனவே 450, 480 யூனிட் செலவிடும் வீடு இதனால் 500 யூனிட்டைத் தாண்டுமாயின், கீழ்ப்படிகளில் கிடைத்து வந்த சலுகையும் குறையும். வண்டி வாங்குமுன் தம் வீட்டு மின் அட்டையைப் பார்ப்பது நலம்.

2. புகையின் கணக்கு

இரண்டாவது, சுற்றுச்சூழல் கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. எனவே பெட்ரோல் ஸ்கூட்டர் 100 கிலோமீட்டரில் ஏறத்தாழ 5 கிலோ கரியமில வாயுவை வெளிவிடுகிறது. மின் ஸ்கூட்டர் தானாக எதையும் வெளிவிடுவதில்லை. ஆயினும் அதற்குரிய மின்சாரத்தை உண்டாக்கும் நிலையத்தில் புகை எழுகிறது. இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாகச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. கம்பிகளில் இழக்கப்படுவதையும் சேர்த்தால், 100 கிலோமீட்டருக்கு மின் ஸ்கூட்டரின் பங்கு 3 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஆக, நிலக்கரியே மிகுந்துள்ள இன்றைய நிலையிலும் மின் ஊர்தி இவ்வகையில் மேலானது. பெட்ரோல் எஞ்சின் எரிபொருளின் ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்குகிறது; மின் மோட்டாரோ தான் பெறுவதில் மிகப் பெரும்பகுதியைச் சக்கரத்திற்குக் கொடுக்கிறது. காரணம் இதுவே.

பேட்டரியைச் செய்வதற்கும் ஆற்றல் செலவாகிறது. ஸ்கூட்டர் ஒன்றின் பேட்டரியை உருவாக்குகையில் வெளியாகும் கரியமில வாயுவைச் சுமார் 250 கிலோ எனக் கொள்ளலாம். இது வண்டி பிறக்கும்போதே அதன் மேல் ஏறிய கடன். 100 கிலோமீட்டருக்கு இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் மிச்சமாவதால், 11,000 கிலோமீட்டர் அளவில் ஓடிய பின்பே அக்கடன் தீரும். மிகுதியாக ஓட்டுகிறவர் ஒன்றேகால் ஆண்டில் தீர்த்துவிடுவார். 5 கிலோமீட்டர்காரருக்கு ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பணக் கணக்கில் கண்ட அதே உண்மை இங்கும் தோன்றுகிறது.

தெருவின் காற்றைப் பொறுத்தமட்டில் நன்மை ஐயத்திற்கு இடமற்றது. பௌர்ணமி இரவுகளில் மலையைச் சுற்றியுள்ள 14 கிலோமீட்டர் பாதையில் வெறுங்காலோடு நடப்போரும், சாலையோரத்தில் பூவும் இளநீரும் விற்போரும், ஊர்திகளின் புகையை நேரே மூச்சில் வாங்குகிறவர்கள். அவர்கள் அருகே புகையற்ற வண்டி ஓடுவது உடனடியான நலமாகும்.

3. இடம் மாறிய சுமை

ஆயினும் அப்புகை வேறெங்கோ எழுகிறது. நமக்கு அண்மையில், கடலூர் மாவட்டத்திலுள்ள நெய்வேலியில், 1956இல் நிறுவப்பட்ட நிறுவனம் பழுப்பு நிலக்கரியை வெட்டி மின்சாரம் ஆக்குகிறது. சுரங்கம் விரியும்தோறும் கிராமங்கள் இடம்பெயர நேர்ந்தது. 2023 ஜூலையில் வளையமாதேவியில், சுரங்கத்தை அடுத்து வாய்க்கால் வெட்டும் பணிக்காக, வளர்ந்து நின்ற நெற்பயிரின் மேல் இயந்திரங்கள் ஓட்டப்பட்ட காட்சி தமிழகத்தையே வருத்தியது. வடசென்னையில் எண்ணூர்க் கழிமுகத்தை அனல்மின் நிலையச் சாம்பல் கெடுத்து வந்திருக்கிறது. அங்கே வலைவீசிப் பிழைக்கும் மீனவர் அதன் விலையைக் கொடுக்கின்றனர். மின்தொகுப்பு ஒன்றேயாதலால், வேங்கிக்காலில் ஏற்றப்படும் ஒவ்வொரு யூனிட்டிலும் இவ்விடங்களின் பங்கு உண்டு.

பேட்டரியின் மூலப்பொருள்கள் இன்னும் தொலைவிலிருந்து வருகின்றன. சிலவகை லித்தியம் பேட்டரிகளுக்கு வேண்டிய கோபால்ட்டில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டில் தோண்டப்படுகிறது. அங்குள்ள சிறு சுரங்கங்களில் குழந்தைகளும் உழைப்பது உலகறிந்த செய்தி. இரும்பும் பாஸ்பேட்டும் கொண்ட மற்றொரு வகை லித்தியம் பேட்டரிக்குக் கோபால்ட் தேவையில்லை. வாங்குகிறவர் இதைக் கடைக்காரரிடம் கேட்டறியலாம்.

விலை மலிந்த வண்டிகள் சிலவற்றில் ஈய அமில பேட்டரி பொருத்தப்படுகிறது. அது விரைவில் தேய்ந்து பழைய இரும்புக் கடைக்குச் செல்கிறது. முறையற்ற கூடங்களில் அதை உடைத்து உருக்கும்போது ஈயம் மண்ணிலும் காற்றிலும் கலந்து, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. 2022 ஆகஸ்டில் வெளியான மத்திய அரசின் பேட்டரிக் கழிவு விதிகள், பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் சுமத்தியுள்ளன. பழைய பேட்டரியைக் கூடுதல் விலை தருகிறவரிடம் தள்ளிவிடாமல், உரிய இடத்தில் ஒப்படைப்பது நம் கையிலுள்ளது.

தீ விபத்தையும் கூறாமல் விடலாகாது. 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் மின்னேற்ற வைத்திருந்த ஸ்கூட்டர் தீப்பற்றி, அதன் புகையால் ஒரு தந்தையும் மகளும் உயிரிழந்தனர். அவ்வாண்டு நேர்ந்த இத்தகைய விபத்துகளை அடுத்து, பேட்டரிகளுக்கான பாதுகாப்புத் தரங்கள் 2022 டிசம்பரிலிருந்து கடுமையாக்கப்பட்டன. எனினும், தூங்கும் அறையிலோ வெளியேறும் வாசலிலோ மின்னேற்றாமலிருப்பதும், வண்டியோடு வந்த சார்ஜரையே பயன்படுத்துவதும் இன்றியமையாதன.

4. யாருக்குப் பயன்?

ஓடும் தூரத்தில்தான் இலாபம் என்று கண்டோம். அப்படியானால், நாளெல்லாம் ஓட்டுகிற ஆட்டோ ஓட்டுநர், வீடுவீடாகப் பொருள் கொண்டுசெல்லும் இளைஞர், கிராமந்தோறும் காய்கறி விற்பவர் ஆகியோரே அதிகப் பயனடைய வேண்டியவர்கள். மின் ஊர்தியின் உயர்ந்த முன்விலையைக் கொடுக்க இயலாதவர்களும், கடனுக்கு மிகுந்த வட்டி கட்டுகிறவர்களும் இவர்களே. இவர்களில் பலர் வாடகை வீட்டில் குடியிருக்கின்றனர். மாடியில் குடியிருப்பவருக்குக் கீழே மின்னேற்ற இடமில்லை. இருந்தாலும் வீட்டுக்காரரின் இசைவு வேண்டும். வசதியுள்ள வீட்டிலோ, சொந்த வாசலில் இரண்டாவது வண்டியாக அது நிற்கிறது. கடைத்தெருவுக்கு மட்டும் போய் வருகிறது. மின் ஊர்திகளுக்குச் சரக்கு சேவை வரி 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டிருப்பது பொதுப்பணத்தினின்று செய்யப்படும் உதவியே. அவ்வுதவி அதிகம் தேவைப்படுவோரைச் சேருகிறதா என்பது நீதியைப் பற்றிய வினா.

இதற்கு வழி இல்லாமலில்லை. சூரிய ஒளி மிகுந்த பகல் வேளையில் மின்தொகுப்பில் தூய மின்சாரத்தின் பங்கு கூடுகிறது. மாலையில் அது குறைந்து அனல் நிலையங்களின் பங்கு ஏறுகிறது. எல்லாரும் வேலை முடிந்து திரும்பியவுடன் மின்னேற்றுவது மிக மோசமான நேரத்தில் ஏற்றுவதாகும். பள்ளிகள், அலுவலகங்கள், வழிபாட்டு இடங்கள் ஆகியவை கூரைமேல் சூரியத் தகடுகளை அமைத்து, பகலில் நியாயமான கட்டணத்திற்கு மின்னேற்ற இடமளிக்குமாயின், வாசல் இல்லாதவருக்கும் வழி பிறக்கும். நெய்வேலியின் சுமையும் சிறிது குறையும்.

5. பேருந்தை மறவாமை

இறுதியாக ஓர் ஒப்பீடு. பெட்ரோல் ஸ்கூட்டரையும் மின் ஸ்கூட்டரையும் மட்டும் ஒப்பிடுவோமானால், மூன்றாவது ஊர்தியை மறந்தவர்களாவோம். லிட்டருக்கு நாலரைக் கிலோமீட்டர் ஓடும் டீசல் பேருந்து 100 கிலோமீட்டரில் சுமார் 60 கிலோ கரியமில வாயுவை வெளிவிடுகிறது. அதில் 50 பேர் பயணம் செய்தால் ஒருவர் பங்கு 1.2 கிலோ மட்டுமே. தனியொருவர் ஓட்டும் மின் ஸ்கூட்டரின் பங்கில் இது பாதிக்கும் குறைவு. பேருந்தில் 20 பேர் மட்டும் இருந்தால் இரண்டும் சமம். 2021 மே முதல் தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. அப்பேருந்தே மின்னாற்றலில் ஓடினால் நன்மை இரட்டிப்பாகும். சென்னையில் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின்கீழ் 120 மின் பேருந்துகள் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து ஓடத் தொடங்கின. 2024 மே மாதத்தில் சென்னைக் கடற்கரையிலிருந்து திருவண்ணாமலைக்கு நீட்டிக்கப்பட்ட ரயிலும் மின்சாரத்தில் இயங்குவதே. பலருக்குப் பொதுவான மின் ஊர்தியே அனைத்திலும் சிக்கனமானது.

ஆகவே நாம் வந்தடையும் முடிவு இது. நாள்தோறும் நெடுந்தூரம் ஓட்டியாக வேண்டியவருக்கு மின் ஊர்தி பணத்திலும் புகையிலும் நன்மை தரும். அவருக்கு அது எட்டும்படி செய்வது சமூகத்தின் கடமை. குறைவாக ஓட்டுகிறவர் கையிலுள்ள வண்டி உழைக்கும்வரை அதையே வைத்திருந்து, இயன்றபோதெல்லாம் பேருந்தில் ஏறுவதே மேல். புதிய வண்டி வாங்குகிறவர் எவராயினும், தம் தெருவில் காணாமற்போன புகை எந்த ஊரார் தலைமேல் எழுகிறது என்பதை அறிந்து வாங்குவாராக. அவ்வாறு அறிந்தவர் பகலில் மின்னேற்றுவார். பேட்டரியை முறையாக ஒப்படைப்பார். நிலத்தையும் நீரையும் இழந்தவர்களின் குரல் எழும்போது அதை அயலூர்ச் செய்தி என்று தள்ளிவிடார்.