பழைய டிவிடியில் உள்ள காட்சியை ஸ்லைடு ஷோவில் சேர்ப்பது எப்படி?

சென்ற மாதம் ஒரு சகோதரி தன் நிகாஹ் டிவிடியை எடுத்துக்கொண்டு நம் அலுவலகத்துக்கு வந்தார். அடுத்து மகளின் நிகாஹ். குடும்பப் படங்களை வைத்து சிறிய ஸ்லைடு ஷோ ஒன்று செய்ய ஆசை. அந்த டிவிடியில் மர்ஹூம் அத்தா சபையில் உட்கார்ந்து துஆ செய்யும் காட்சி இருக்கிறது. அத்தாவின் குரல் வேறு எதிலும் பதிவாகவில்லை. ஆனால் வீட்டு லேப்டாப்பில் டிவிடி போடும் இடமே இல்லை. டிஸ்கும் பாதியில் திக்கித் திக்கி நின்றது. இரண்டு மூன்று முறை முயன்று காட்சியை எடுத்துவிட்டோம், அல்ஹம்துலில்லாஹ். நம்மில் பலர் வீட்டு பீரோவிலும் இப்படி ஒரு டிஸ்க் இருக்கும் என்பதால் அந்த முறையை இங்கே எழுதுகிறோம்.

தள்ளிப் போடாதீர்கள்

கல்யாண வீடியோ எடுப்பவர்கள் எழுதித் தருகிற டிஸ்கில், பதிவு ஒருவித சாயப் படலத்தின் மேல்தான் நிற்கிறது. வெயிலும் வெப்பமும் அந்தச் சாயத்தைக் கெடுக்கும். நம் திருவண்ணாமலையின் கோடையைச் சொல்லவே வேண்டாம். மாடி அறையிலோ டிவிக்கு மேலேயோ கிடக்கும் டிஸ்க் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கும். இன்று ஓடுவது அடுத்த ரமலானில் ஓடும் என்று சொல்ல முடியாது.

முதலில் நகல்

1. டிஸ்கை மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்கவும். வட்டமாகத் தேய்த்தால் கீறல் பதிவின் போக்கிலேயே விழும்.

2. லேப்டாப்பில் டிவிடி டிரைவ் இல்லையென்றால் யூஎஸ்பியில் மாட்டும் டிரைவ் கிடைக்கிறது. தெருவில் ஒரு வீட்டில் இருந்தால் போதும், எல்லோரும் இரவல் வாங்கிக்கொள்ளலாம்.

3. டிஸ்கைத் திறந்தால் ‘வீடியோ டிஎஸ்’ என்ற ஃபோல்டர் இருக்கும். அதை அப்படியே கம்ப்யூட்டரில் நகல் எடுங்கள். சாதாரண டிஸ்க் 4.7 ஜிபி வரை கொள்ளும். அதற்கு இடம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இனி எல்லா வேலையும் இந்த நகலில்தான். டிஸ்கை உறையில் போட்டு பத்திரப்படுத்திவிடலாம். ஒரு டிரைவில் படிக்காத டிஸ்க் இன்னொரு டிரைவில் படிப்பதும் உண்டு. ஒரு தடவையில் கைவிட்டுவிடாதீர்கள்.

நேராக ஏன் சேராது?

அந்த ஃபோல்டருக்குள் ‘விஓபி’ என்று முடியும் ஃபைல்கள் இருக்கும். ஒரு ஃபைல் 1 ஜிபிக்கு மேல் போகாது என்பதால் ஒரே நிகாஹ் நாலைந்து துண்டாகக் கிடக்கும். இவை எம்பெக்-2 என்ற பழைய முறையில் சுருக்கப்பட்டவை. பவர்பாயிண்ட் விரும்புவது எம்பி4 ஃபைலை. அதாவது படம் எச்.264 முறையிலும் ஒலி ஏஏசி முறையிலும் இருக்க வேண்டும். ஆகவே இடையில் ஒரு மாற்றம் தேவை. இதற்கு ‘ஹேண்ட்பிரேக்’ என்ற இலவச மென்பொருள் போதும்.

வேண்டிய துண்டை மட்டும் எடுப்பது

முதலில் விஎல்சி பிளேயரில் அந்த ஃபோல்டரை ஓடவிட்டு, நமக்கு வேண்டிய காட்சி எத்தனையாவது நிமிடத்தில் தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஹேண்ட்பிரேக்கில் ‘வீடியோ டிஎஸ்’ ஃபோல்டரைத் திறந்தால் டைட்டில் பட்டியல் வரும். பெரும்பாலும் மிக நீளமான டைட்டில்தான் நிகழ்ச்சி, சின்னவை மெனு. ‘ரேஞ்ச்’ என்ற இடத்தில் சாப்டர் என்பதை செகண்ட்ஸ் என்று மாற்றி, குறித்து வைத்த தொடக்கத்தையும் முடிவையும் கொடுங்கள். நம் நாட்டு டிவிடி பெரும்பாலும் பால் முறையில், 720க்கு 576 புள்ளிகளில், நொடிக்கு 25 படங்களாக இருக்கும். அதற்குப் பொருத்தமான ‘ஃபாஸ்ட் 576பி25’ என்ற அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். ஆட்கள் நகரும்போது சீப்புப் பல் போலக் கோடுகள் தெரிந்தால் ஃபில்டர்ஸ் பகுதியில் ‘டீஇன்டர்லேஸ்’ போடவும். ‘ஸ்டார்ட்’ அழுத்தினால் எம்பி4 தயார்.

பவர்பாயிண்டில் இன்சர்ட், வீடியோ என்று போய் அந்த ஃபைலைச் சேருங்கள். பழைய பதிவு அகலம் குறைவாக இருக்கும். திரை முழுக்க நிரப்ப வேண்டும் என்று பக்கவாட்டில் இழுத்தால் பெரியவர்களின் முகம் உப்பிப்போகும். இரு பக்கமும் கறுப்பாக இருந்துவிட்டுப் போகட்டும்.

2007 வரையிலான பவர்பாயிண்டில் வீடியோ தனி ஃபைலாகவே நிற்கும். ஸ்லைடை மட்டும் பென் டிரைவில் கொண்டுபோனால் சபையில் வெறும் கட்டம்தான் தெரியும். 2010 முதல் வீடியோ உள்ளேயே சேர்ந்துவிடும். எதற்கும் இரண்டையும் ஒரே ஃபோல்டரில் வைத்து, நிகழ்ச்சிக்கு முன்பே மண்டபத்தில் ஒருமுறை ஓட்டி, ஒலியும் வருகிறதா என்று பாருங்கள்.

கவனிக்க வேண்டிய அமானத்

பவர்பாயிண்டிலேயே ‘டிரிம்’ செய்து வெட்டலாமே என்று சிலர் கேட்கிறார்கள். வெட்டலாம். ஆனால் அப்படி வெட்டிய பகுதி அழிவதில்லை. மறைந்து மட்டும் இருக்கிறது. அந்த ஃபைலை வாட்ஸ்அப்பிலோ பென் டிரைவிலோ வாங்கும் யாரும் டிரிம்மை விலக்கி முழுவதையும் பார்த்துவிட முடியும். நிகாஹ் டிவிடியில் பெண்கள் பகுதியும் இருக்கும். பர்தாவைப் பேணுகிற ஒரு சகோதரியின் முகம், அவருக்கே தெரியாமல் நாலு பேர் கைக்குப் போய்விடலாம். அதனால்தான் ஹேண்ட்பிரேக்கிலேயே வேண்டிய துண்டை மட்டும் எடுக்கச் சொல்கிறோம். ஏற்கெனவே டிரிம் செய்துவிட்டால் ஃபைல், இன்ஃபோ, ‘கம்ப்ரஸ் மீடியா’ கொடுத்தால் வெட்டிய பகுதி நீங்கும். அதன் பிறகே பிறருக்குக் கொடுங்கள்.

நம் அறக்கட்டளையின் ஆண்டுக் கூட்டத்துக்காக இளைஞர்கள் தயாரிக்கும் ஸ்லைடுகளுக்கும் இதே விதிதான். உதவி பெற்றவர்களின் முகம் தெரியும் காட்சி வேண்டாம். ஏழைகளுக்கு மறைவாகக் கொடுப்பதே சிறந்தது என்று சூரத்துல் பகராவில் அல்லாஹ் கற்றுத் தருகிறான். கொடுத்ததை மறைத்துவிட்டு, வாங்கியவரைத் திரையில் காட்டுவது முறையாகுமா? மருத்துவ முகாமின் மருந்து மேசையைக் காட்டுங்கள், தையல் வகுப்பின் இயந்திரங்களைக் காட்டுங்கள், அது போதும்.

கடையில் வாங்கிய சினிமா, சொற்பொழிவு டிவிடிகளுக்கு இந்த முறையைப் பயன்படுத்தாதீர்கள். அவற்றின் உரிமை வேறொருவருடையது. நகல் தடுக்கும் பூட்டை உடைப்பதை 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் செய்த திருத்தம் குற்றமாக்கியிருக்கிறது. ஹேண்ட்பிரேக்கும் அந்தப் பூட்டைத் திறக்காது. வீட்டு நிகழ்ச்சி டிஸ்கில் பெரும்பாலும் அந்தப் பூட்டே இருக்காது.

வேலை முடிந்ததும் ‘வீடியோ டிஎஸ்’ நகலை அழித்துவிடாதீர்கள். ஒன்றைக் கம்ப்யூட்டரிலும், இன்னொன்றை வேறு வீட்டில் இருக்கும் உறவினரிடமும் வையுங்கள். ஹார்ட் டிஸ்கும் ஒருநாள் பழுதாகும்.

அந்தச் சகோதரி எடுத்துக்கொண்டது நாற்பது நொடிக் காட்சிதான். மகளின் நிகாஹ் அன்று அத்தாவின் துஆவை வீட்டார் மீண்டும் கேட்பார்கள், இன்ஷா அல்லாஹ். உங்கள் வீட்டு டிஸ்கையும் இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். மறைந்த நம் பெரியவர்களின் கப்ருகளை அல்லாஹ் விசாலமாக்குவானாக, ஆமீன்.