கண்டவர்கள் சொன்ன கழுகு

2021 டிசம்பர் 20 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பறவை ஆர்வலர்களின் கைபேசிகள் ஓயவில்லை. டான்டன் ஆற்றங்கரையில் ஸ்டெல்லர் கடற்கழுகு ஒன்று அமர்ந்திருக்கிறது என்பதுதான் செய்தி. வேலையைப் போட்டுவிட்டுக் கிளம்பியவர்கள் பலர். இரவெல்லாம் கார் ஓட்டி வந்தவர்கள் உண்டு. டைட்டன் ராக் மாநிலப் பூங்காவின் கரையில் நூற்றுக்கணக்கானோர் முக்காலியும் தொலைநோக்கியுமாக வரிசைகட்டி நின்றார்கள். எதிர்க்கரை மரக்கிளையில் அந்தக் கழுகு தெரிந்தது.

ரஷ்யாவின் கம்சாட்கா தீபகற்பம், ஒகோட்ஸ்க் கடலோரம், அமுர் ஆற்றின் கழிமுகப் பக்கம், சக்கலின் தீவு ஆகியவைதான் இந்தக் கழுகின் சொந்த ஊர். குளிர்காலத்தில் ஒரு பங்கு ஜப்பானின் ஹொக்கைடோவுக்கு இறங்கிவந்து, கடலில் மிதக்கும் பனிப்பாளங்களின் மேல் உட்கார்ந்து மீன் தின்னும். உலகம் முழுவதும் சேர்த்து சில ஆயிரம்தான் இருக்கின்றன. இறக்கையை விரித்தால் எட்டடி வரும். பெண் கழுகு ஒன்பது கிலோ வரை எடை கொண்டது. கருப்பழுப்பு உடல், வெள்ளைத் தோள், வெள்ளை வால், முகத்தில் பாதியை அடைத்துக்கொண்ட தடித்த மஞ்சள் அலகு. அமெரிக்கர்கள் தங்கள் நாட்டுச் சின்னமாகக் கொண்டாடும் வெண்டலைக் கழுகு பக்கத்தில் வந்து அமர்ந்தால் சிறிய பறவையாகத் தெரியும். அலாஸ்காவின் தீவுகளுக்கு எப்போதாவது ஒன்றிரண்டு தப்பி வந்ததுண்டு. ஆனால் அட்லாண்டிக் கரையில் அதைப் பார்ப்போம் என்று யாரும் கனவுகூடக் கண்டதில்லை.

இது எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்பதைக் காட்டும் வரைபடம் ஒன்று இப்போது இருக்கிறது. எனக்கு அந்தக் கழுகைவிட அந்த வரைபடம்தான் பெரிய அதிசயம்.

2020 ஆகஸ்ட் கடைசியில் அலாஸ்காவின் உள்பகுதியில், டெனாலி நெடுஞ்சாலையோரம் ஒரு ஸ்டெல்லர் கடற்கழுகு தென்பட்டது. கடலை விட்டு இவ்வளவு உள்ளே வந்ததே வியப்புதான். 2021 மார்ச்சில் டெக்சாஸில், மெக்சிகோ வளைகுடாவிலிருந்து அதிக தூரமில்லாத ஓர் ஏரிப்பக்கத்தில் ஒருவர் எடுத்த படத்தில் அதே இனக் கழுகு இருந்தது. அதே பறவையாகவே இருக்க வேண்டும் என்று பலரும் கருதுகிறார்கள். முடிந்த முடிவாகச் சொல்ல அந்தப் படம் போதவில்லை. அந்தக் கோடையில் கனடாவின் கியூபெக், நியூ பிரன்ஸ்விக் மாகாணங்களில் தென்பட்டது. நவம்பரில் நோவா ஸ்கோஷியா, டிசம்பரில் மாசசூசெட்ஸ். அங்கிருந்து ஒரு நாள் காணாமல் போய், ஆண்டு முடிவதற்குள் வடக்கே மெய்ன் மாநிலத்தின் ஜார்ஜ்டவுன் கடற்கரையில் வந்து உட்கார்ந்தது. 2022 வசந்தத்தில் மீண்டும் கனடாவுக்குப் போய், நியூஃபவுண்ட்லாந்து தீவில் கோடையைக் கழித்தது. 2023 பிப்ரவரியில் மறுபடி ஜார்ஜ்டவுனுக்கே வந்தது.

அதன் முதுகில் சிக்னல் அனுப்பும் கருவி இல்லை. காலில் வளையமும் இல்லை. இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் பயணத்தில் ஒவ்வொரு புள்ளியும், கரையில் நின்ற யாரோ ஒருவர் “இங்கே பார்த்தேன்” என்று சொன்னதால் பதிவானது. அந்த ஒருவர் பறவை நிபுணராக இருக்க வேண்டியதில்லை. மீன் பிடிக்கப் போனவர், வழியில் காரை நிறுத்தியவர், வழக்கமான கழுகு என்று நினைத்துப் படமெடுத்தவர் என்று பலதரப்பட்டவர்கள்.

டெக்சாஸ் படத்தைத் தவிர மற்றவை எல்லாம் ஒரே பறவைதான் என்பது படங்களை ஒப்பிட்டதில் தெரிந்தது. இறக்கையின் வெள்ளைத் திட்டுகள் ஒவ்வொரு கழுகுக்கும் கொஞ்சம் வேறுபடும். இடது இறக்கைக்கும் வலது இறக்கைக்குமே அவை ஒத்துப்போகாமல் இருக்கும். அலாஸ்காவில் எடுத்த படத்தையும் கிழக்குக் கரையில் எடுத்த படங்களையும் அருகருகே வைத்து, அந்தத் திட்டுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள். அலாஸ்காவில் கண்டவர் மங்கலான படம்தானே என்று தன் படத்தை வெளியிடாமல் விட்டிருந்தால், ஒரு கண்டத்தின் இரு முனைகளில் பார்த்தது ஒரே பறவை என்பது தெரிந்திருக்காது.

இந்த இனத்துக்குப் பெயர் தந்த கியோர்க் வில்லெல்ம் ஸ்டெல்லர் என்ற ஜெர்மானிய இயற்கையியலாளரின் கதையிலும் இப்படி ஒன்று உண்டு. 1741இல் விட்டஸ் பெரிங்கின் கப்பலில் அவர் அலாஸ்காவின் கயாக் தீவில் இறங்கினார். அங்கே கழித்தது ஏறக்குறைய பத்து மணி நேரம். அதற்குள் கிடைத்த பறவைகளில் நீலச் சிறகும் கொண்டையும் உடைய ஒன்றைப் பார்த்ததும் அவருக்கு ஒரு நூலின் வண்ணப்படம் நினைவுக்கு வந்தது. அமெரிக்காவின் கரோலினா பகுதியில் கண்டதாக வேறொருவர் வரைந்து அச்சிட்டிருந்த பறவைக்கு இது உறவாக இருந்தது. கப்பல் வந்து சேர்ந்திருப்பது அமெரிக்கக் கண்டத்துக்குத்தான் என்று அதை வைத்து உறுதி செய்துகொண்டார். யாரோ எங்கோ கண்டதைப் பதிந்துவைத்தார்; அது இன்னொருவருக்குத் தான் நிற்கும் இடம் எதுவென்று சொன்னது.

கண்டதைச் சொல்லும் வழிகள் மட்டும் காலத்துக்குக் காலம் மாறின. 1954இல் இதே மாசசூசெட்ஸின் பறவைப் பாதுகாப்பு அமைப்பான ஆடுபான் சங்கம் ஒரு தொலைபேசி எண்ணை ஏற்படுத்தியது. அதை அழைத்தால் அந்த வாரம் எங்கே என்ன பறவை வந்திருக்கிறது என்று ஒரு பதிவுக் குரல் வாசிக்கும். இங்கிலாந்தின் நார்ஃபோக் கரையில் கிளே என்ற ஊரில் நான்சி என்பவர் நடத்திய சிற்றுண்டிக் கடை 1970களிலும் 80களிலும் நாடு முழுவதற்கும் பறவைச் செய்தி மையமாக இருந்தது. கடையின் தொலைபேசி மணி அடித்தால், சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் எழுந்துபோய் எடுத்து, பக்கத்தில் இருக்கும் நோட்டைப் பார்த்துத் தகவல் சொல்வார். புதுச் செய்தி இருந்தால் அதில் எழுதிவைப்பார். அடுத்த நாற்காலியில் இருப்பவர் யாரென்றே தெரியாதவர்கள் நடத்திய ஏற்பாடு அது. 1989 பிப்ரவரியில் அதே நாட்டின் கென்ட் பகுதியில் ஒரு டெஸ்கோ கடையின் வாகன நிறுத்துமிடத்தருகே வட அமெரிக்காவின் பொன்னிறகுக் கதிர்க்குருவி ஒன்று வந்துவிட, செய்தி பரவி அதைப் பார்க்க ஆயிரக்கணக்கானோர் திரண்டதை இங்கிலாந்தில் இன்றும் பேசுகிறார்கள்.

2002இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகமும் தேசிய ஆடுபான் சங்கமும் தொடங்கிய இ-பேர்டு இந்த நோட்டுகளையெல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தது. 2015 முதல் நம் ஊரில் பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பும் இ-பேர்டில்தான் பதிவாகிறது. ஏரிக்கரையில் பள்ளி மாணவர் ஒருவர் குறிக்கும் நீர்க்காகமும், மெய்ன் கரையில் குறித்த கடற்கழுகும் ஒரே பேரேட்டில் இருக்கின்றன. வழக்கத்துக்கு மாறான பறவையை யாராவது பதிந்தால், அந்தப் பகுதிக்கான தன்னார்வச் சரிபார்ப்பாளர் படம் கேட்பார், குறிப்பு கேட்பார், கேள்விகள் கேட்பார். சிலருக்கு அது மனத்தாங்கலாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் கேள்விகள் இருப்பதால்தான் பதிவை மற்றவர்கள் நம்ப முடிகிறது.

ஜார்ஜ்டவுனுக்குக் கழுகு வந்தபோது மெய்ன் மக்களுக்கு அதைப் பற்றிக் கவலை இருந்ததற்குக் காரணம் உண்டு. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அவர்கள் வேறொரு வழிதவறிய பறவையை வளர்த்த பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்து, இழந்திருந்தார்கள். மெக்சிகோவிலிருந்து அர்ஜென்டினா வரை வெப்பநாடுகளில் வாழும் கிரேட் பிளாக் ஹாக் என்ற கருநிறப் பருந்து அது. 2018 ஏப்ரலில் டெக்சாஸின் தென்கோடியில் தென்பட்டது. ஆகஸ்டில் மெய்னின் பிட்டஃபோர்டில். இறகு அமைப்பை ஒப்பிட்டு அதே பறவை என்று கண்டுகொண்டார்கள். நவம்பர் முதல் போர்ட்லாந்து நகரின் டீரிங் ஓக்ஸ் பூங்காவில் அணில்களைப் பிடித்துத் தின்றுகொண்டிருந்தது. நகரமே திரண்டுவந்து பார்த்தது. பனி அதிகமாக அதிகமாக, பிடித்துக் கூண்டில் வைத்து வெப்பமான ஊருக்கு அனுப்பலாமே என்று கேட்டவர்கள் இருந்தார்கள். 2019 ஜனவரி 20 அன்று பனிப்புயலில் அது தரையில் கிடப்பதைக் கண்டவர்கள் எடுத்துச்சென்று பறவைகள் மறுவாழ்வு மையத்தில் சேர்த்தார்கள். கால்கள் உறைந்து திசுக்கள் செத்துப்போயிருந்தன. மாதக் கடைசியில் அதை வலியில்லாமல் கருணைக்கொலை செய்தார்கள். அந்தப் பூங்காவில் இப்போது அதற்கு ஒரு சிலை இருக்கிறது.

கடற்கழுகுக்கு அந்த ஆபத்து இல்லை. கம்சாட்காவின் குளிரைக் கண்ட பறவைக்கு மெய்னின் ஜனவரி ஒன்றும் புதிதல்ல. மீனும் வாத்தும் வேண்டிய மட்டும் இருந்தன. இங்கே கவலை பார்க்க வந்த கூட்டத்தைப் பற்றியது. சிற்றூரின் குறுகிய சாலைகள், தனியார் நிலங்கள், மீனவர்கள் படகு இறக்கும் படித்துறைகள். எங்கே வண்டி நிறுத்தலாம், எந்த வாசலை மறிக்கக் கூடாது, எந்த நிலத்தில் கால் வைக்கக் கூடாது என்பதும் கழுகைப் பற்றிய செய்தியோடு சேர்ந்தே பரவியது. கழுகைப் பார்க்க வந்தவர்களைப் பற்றி ஆய்வாளர்கள் ஒரு கணக்கெடுத்தார்கள்: சுமார் ஒரு மாதத்தில் 2,000க்கும் மேற்பட்டோர் வந்து, பெட்ரோலுக்கும் தங்கலுக்கும் சாப்பாட்டுக்கும் ஏறத்தாழ 4 லட்சம் டாலர் செலவழித்திருக்கிறார்கள் என்பது அவர்கள் மதிப்பீடு.

எல்லாப் பறவையையும் இப்படி ஊரறியச் சொல்லிவிடலாமா? கூடாது. பகலில் தூங்கும் ஆந்தையின் மரத்தைச் சொன்னால், மாலைக்குள் இருபது கேமராக்கள் அதன் அடியில் நிற்கும். கூட்டைச் சொன்னால் தாய்ப்பறவை முட்டையை விட்டு எழுந்துபோகும். கூண்டு வணிகத்துக்குப் பிடிபடும் இனங்களின் இடத்தைச் சொல்வது, பிடிப்பவனுக்கு முகவரி கொடுப்பதாகும். அதனால்தான் இ-பேர்டு ஆபத்துள்ள சில இனங்களின் துல்லியமான இடத்தைப் பொதுப்பார்வையிலிருந்து மறைக்கிறது. இடத்தைச் சொல்லுமுன் பறவைக்கும் நிலத்துக்கும் அங்கே குடியிருப்பவர்களுக்கும் என்ன தொந்தரவு வரும் என்று எண்ணிப்பார்க்க வேண்டும் என்பது அமெரிக்கப் பறவை ஆர்வலர் சங்கத்தின் ஒழுங்குநெறியிலேயே இருந்திருக்கிறது. கடற்கழுகு அகன்ற ஆற்றுக்கு அப்பால், உயர மரத்தில், கூடும் குஞ்சும் இல்லாமல் இருந்தது. அதைச் சொன்னது சரி. அதே ஆள் அடுத்த வாரம் ஓர் ஆந்தைக் கூட்டைப் பற்றி வாய் திறக்காமல் இருந்தால் அதுவும் சரி. ‘யாருக்கும் சொல்லாதே’ என்பவரையும் ‘எல்லாருக்கும் சொல்’ என்பவரையும் நான் ஏற்கவில்லை. ஒவ்வொரு பறவைக்கும் அந்தக் கேள்வியைப் புதிதாகக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இந்தக் கழுகு ஏன் இவ்வளவு தூரம் வந்தது என்பதற்குத் தீர்ந்த விடை கிடையாது. புயல் தள்ளியிருக்கலாம். பறவைகள் திசையறியப் பயன்படுத்தும் பூமியின் காந்தப்புலம் குலையும்போது வழிதவறல்கள் கூடுகின்றன என்று, வட அமெரிக்காவில் பிடித்து வளையமிட்ட இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளின் பதிவுகளைக்கொண்டு 2023இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. வழிதவறுபவை எல்லாம் வீண் என்றும் சொல்ல முடியாது. நாம் மாடுகளின் பின்னால் தினமும் பார்க்கும் உண்ணிக்கொக்கின் நெருங்கிய உறவினம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டித் தென் அமெரிக்காவில் தோன்றியது. மேய்ச்சல் நிலங்கள் விரிந்திருந்த காலம் அது. 1950களில் ஃபுளோரிடாவில் கூடு கட்டியது. இன்று அங்கே சாதாரணப் பறவை. முதல் சில கொக்குகளைக் கண்டவர்களும் வழிதவறி வந்தவை என்றுதான் நினைத்திருப்பார்கள்.

ஆனால் கொக்குகள் ஒன்றுக்கு மேற்பட்டவை போயின. கழுகு தனியாகப் போயிருக்கிறது. அட்லாண்டிக் பக்கத்தில் இணை சேர அதற்கு இன்னொன்று இல்லை. 2022 முதல் கோடைகளைப் பெரும்பாலும் நியூஃபவுண்ட்லாந்தின் கிழக்குக் கரையில், டிரினிட்டி விரிகுடாவைச் சுற்றிய பகுதியில் கழித்திருக்கிறது. அங்கே வெண்டலைக் கழுகுகள் நிறைய, கரையோரமெல்லாம் மீன். ஒரு கடற்கழுகு கேட்கும் வாழ்விடம் ஏறத்தாழ அதுதான். படகில் போனவர்கள் பாறை முகடுகளில் அதைக் கண்டு பதிந்திருக்கிறார்கள். அலாஸ்காவில் முதலில் கண்டபோதே அது வளர்ந்த பறவையின் முழு நிறத்தில் இருந்தது. அந்த நிறம் வர நான்கைந்து ஆண்டுகளாவது ஆகும். இந்த இனத்துக்கு இருபது ஆண்டுகளுக்கு மேலும் ஆயுள் உண்டு. இறகு உதிர்ந்து புதிது முளைக்கும்போது அதன் அடையாளங்கள் சற்று மாறக்கூடும் என்பதால், ஒவ்வொரு பருவத்திலும் இரண்டு இறக்கையும் விரிந்த நிலையில் தெளிவான படம் யாராவது எடுத்துப் போட வேண்டியிருக்கிறது.