மேதையின் வாக்கைப் பொய்யாக்கிய எண்

4294967297. நானூற்றிருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது இலட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு! வாயில் நுழையாத இந்த எண்ணுக்கு ஒரு கதை உண்டு, தோழியரே.

இரண்டில் தொடங்கி, வரும் எண்ணை மீண்டும் மீண்டும் அதே எண்ணால் பெருக்குவோம். 2, 4, 16, 256, 65536 என்று வரும். ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537. இவை ஐந்தும் பகா எண்கள். ஒன்றாலும் தம்மாலும் அன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாதவை. பிரான்சு நாட்டின் துலூஸ் நகரில் நீதிமன்றப் பதவி வகித்துக்கொண்டே கணிதத்தில் மூழ்கியிருந்த ஃபெர்மா, 1640ஆம் ஆண்டில் இவற்றைக் கண்டு, இவ்வரிசையில் வரும் எல்லா எண்களுமே பகா எண்கள்தாம் என்று நம்பினார். நிரூபணம் மட்டும் அவருக்குக் கிட்டவில்லை.

வரிசையில் ஆறாவது எண்தான் நம்முடைய 4294967297. தொண்ணூற்றிரண்டு ஆண்டுகள் கழித்து, 1732இல், ஆய்லர் என்னும் இருபத்தைந்து வயது இளைஞர் இது 641ஆல் வகுபடும் என்று காட்டினார். ஃபெர்மாவின் நம்பிக்கை தகர்ந்தது.

ஆய்லர் சொன்னார் என்பதற்காக நாம் ஏன் நம்பவேண்டும்? பார்த்துவிடுவோம். 65536ஐ 641ஆல் வகுத்தால் மீதி 154. நம் எண்ணோ 65536இன் வர்க்கத்தோடு ஒன்று கூட்டியது. எனவே பெரிய எண்ணைத் தொடாமல் மீதியை மட்டும் வர்க்கமாக்கினால் போதும். 154 × 154 = 23716. இதை 641ஆல் வகுத்தால் மீதி 640. கூட்டவேண்டிய ஒன்றையும் சேர்த்தால் 641! மீதியே இல்லை. நோட்டில் நான்கு வரிகூட ஆகவில்லை.

சரி, 641ஐ எப்படித் தேடிப் பிடிப்பது? இந்த எண்ணின் காரணி எதுவானாலும் அதை 64ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும் என்ற விதியை ஆய்லர் பிற்காலத்தில் நிறுவினார். அவ்விதிப்படி சோதிக்கவேண்டிய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 மட்டுமே. ஐந்தாவது முயற்சியிலேயே வெற்றி! விதி தெரியாமல் 2, 3, 5, 7 என்று ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் பார்த்திருந்தாலும் 641 நூற்றுப்பதினாறாவதாக வந்திருக்கும். 116 வகுத்தல்கள்! அலுப்பான வேலைதான், ஆயினும் ஃபெர்மாவைப் போன்றவருக்கு அது பெரிய காரியமா என்று நமக்குக் கேட்கத் தோன்றுகிறது.

ஃபெர்மாவின் வரிசை வீணாகிவிடவில்லை. 1796இல் பத்தொன்பது வயதுகூட நிரம்பாத காஸ், அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு பதினேழு பக்கச் சமபக்க உருவம் வரையமுடியும் என்று கண்டது இந்த 17இன் தன்மையால்தான். ஆனால் 65537க்குப் பின் இவ்வரிசையில் இன்னொரு பகா எண் இன்றுவரை எவருக்கும் அகப்படவில்லை.

நம் எண்ணின் மற்றொரு காரணி 6700417. அதுவும் பகா எண்ணே. ஐயமுள்ளவர்கள் விடுமுறையில் வகுத்துப் பார்க்கலாம். 2588ஐத் தாண்டத் தேவையில்லை.