கணக்கைக் காக்கும் பெட்டிக்கும் வயதாகும்

அபர்டீன் பஜாரின் மணிக்கூண்டைச் சுற்றியுள்ள கடைகளில் பேரேட்டின் இடத்தைக் கணினி பிடித்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. பில், சரக்கிருப்பு, கேமரா பதிவு ஆகியவற்றைப் பல கணினிகள் பகிர்ந்துகொள்ளும் ‘நாஸ்’ என்னும் சேமிப்புப் பெட்டியில் வைப்பது வணிகர் வழக்கம். ஓசையின்றி உழைப்பதால் அதன் வயதை நாம் மறந்துவிடுகிறோம்.

சட்டம் மறப்பதில்லை. ஜிஎஸ்டி சட்டப்படி, ஓராண்டின் கணக்குகளை, அதற்குரிய ஆண்டறிக்கையின் கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும். வன்தட்டுகளுக்குக் கிடைக்கும் உத்தரவாதமோ பெரும்பாலும் 2 முதல் 5 ஆண்டுகளே.

இரண்டு வன்தட்டுகள் இருப்பதால் அச்சமில்லை என்று பலர் எண்ணுகின்றனர். 1988இல் பெர்க்லி ஆய்வாளர் மூவர் வகுத்துரைத்த ‘ரெய்டு’ முறை, ஒரு தட்டு பழுதுற்றாலும் வேலை நிற்காமல் காக்கும். தவறுதலாக அழித்த கோப்பை அது மீட்காது. தீயினின்றும் கடல்நீரினின்றும் காக்காது. மேலும், ஒரே நாளில் வாங்கிய தட்டுகள் ஒன்றாகவே முதுமையடைகின்றன. புதிய தட்டை நிரப்பப் பழைய தட்டு முழுவதையும் பல மணிநேரம் படிக்க வேண்டியிருப்பதால், அவ்வேளையில் அதுவும் பழுதடையக்கூடும். உப்புக்காற்றும் மின்தடையும் இவ்விடரைப் பெருக்குகின்றன. எனவே யுபிஎஸ் இன்றியமையாதது.

மென்பொருளும் மூப்படையும். வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் ‘மை புக் லைவ்’ பெட்டிகளுக்கான மென்பொருள் மேம்படுத்தல் 2015உடன் நின்றது. 2021 ஜூனில் இணையவழித் தாக்குதலால் உலகெங்கும் பலருடைய பெட்டிகள் வெறுமையாயின. மேம்படுத்தல் நின்ற பெட்டியை இணையத்திலிருந்து துண்டித்துவிடுவதே நன்று.

ஆகவே, தரவுக்கு மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றுள் ஒரு படி வேற்றூரில் என்பதே ஏற்ற நெறி. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையைக் கண்ட தீவினருக்கு, வேற்றூர்ப் படியின் தேவையை விளக்க வேண்டியதில்லை. முன்பு செயற்கைக்கோள் இணைப்பில் அது அரிது. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கம்பிவடம் தொடங்கப்பட்டபின், இரவுதோறும் கிளவுடுக்குப் படியெடுத்தல் சிறு கடைக்கும் கைகூடும்.

பெட்டி பழுதடைந்தால் பதற வேண்டாம். ‘டிக் டிக்’ ஒலி கேட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்துக. தட்டுகளைக் கழற்றுமுன் அவற்றின் வரிசையை எண்ணிட்டுக் குறிக்க. திரையில் ‘ஃபார்மட்’, ‘இனிஷியலைஸ்’ என்று வந்தால் இசைய வேண்டாம். மீட்புப் பணியாளர் முதலில் ஒவ்வொரு தட்டையும் அப்படியே நகலெடுத்து, நகலின்மீதே பணி செய்கிறாரா என்று கேட்டறிக. தட்டைத் திறக்கத் தூசியற்ற ஆய்வறை வேண்டும். கடைமேசையில் திறந்தால் மீட்கும் வாய்ப்பும் போய்விடலாம்.

மாதந்தோறும் முதல் நாளில், படியிலிருந்து ஒரு பழைய பில்லைத் திறந்து பார்க்குமாறு வாடிக்கையாளர்களை வேண்டுகிறோம். திறந்து பார்க்காத படியை நம்பிக் கணக்கு முடிக்கலாகாது.