குயினோலோன் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள்: பயன்களும் பாதுகாப்பும்

சிப்ரோஃபிளாக்சசின், ஆஃப்ளாக்சசின், நார்ஃபிளாக்சசின், லெவோஃபிளாக்சசின், மாக்சிஃபிளாக்சசின் ஆகியவை குயினோலோன் குடும்பத்தைச் சேர்ந்த நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள். மாத்திரை அட்டையில் வணிகப் பெயருடன் மருந்தின் பெயரும் அச்சிடப்பட்டிருக்கும். அப்பெயர் ‘ஃப்ளாக்சசின்’ அல்லது ‘ஃபிளாக்சசின்’ என முடிந்தால், இப்பக்கத்தில் கூறப்படுபவை உங்களுக்குப் பொருந்தும். வயிற்றுப்போக்கிற்குப் பலரும் தாமாகவே வாங்கும் ஆஃப்ளாக்சசின், ஆர்னிடசோல் கூட்டு மாத்திரையும் இதில் அடங்கும்.

எவ்வாறு செயல்படுகின்றன?

பாக்டீரியா பெருகுவதற்குத் தன் மரபணு இழையைப் பிரித்துப் படியெடுக்க வேண்டும். அதற்கு உதவும் நொதிகளைக் குயினோலோன்கள் தடுப்பதால் பாக்டீரியா மடிகிறது. வைரஸ்களில் இந்நொதிகள் இல்லை. ஆகவே சளி, ஃப்ளூ, டெங்கு போன்ற வைரஸ் நோய்களை இம்மருந்துகள் குணப்படுத்துவதில்லை.

எந்த நோய்களுக்குத் தேவைப்படுகின்றன?

• சிறுநீரகத் தொற்று, சிக்கலான சிறுநீர்ப்பாதைத் தொற்று, புராஸ்டேட் சுரப்பித் தொற்று
• சில வகை நிமோனியா, எலும்புத் தொற்று
• பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய்
• பிளேக், ஆந்த்ராக்ஸ்
• சொட்டு மருந்தாக, கண் மற்றும் காதுத் தொற்றுகள்

முன்னர் டைஃபாய்டு காய்ச்சலுக்கும் சிப்ரோஃபிளாக்சசின் பெரிதும் பயன்பட்டது. இந்தியாவில் டைஃபாய்டு கிருமி அதற்கு எதிர்ப்புத் திறன் பெற்றுவிட்டதால், மருத்துவர்கள் இப்போது வேறு மருந்துகளையே பெரும்பாலும் தேர்வு செய்கின்றனர். தேவையற்ற பயன்பாட்டினால் மற்ற நோய்களிலும் இந்நிலை ஏற்படலாம்.

தாமாக வாங்கி உட்கொள்வது ஏன் ஆபத்தானது?

காசநோய்க் கிருமியையும் இம்மருந்துகள் ஒடுக்கும். நாள்பட்ட இருமலுக்குப் பரிசோதனையின்றி லெவோஃபிளாக்சசின் உட்கொண்டால், இருமல் சில நாட்கள் தணியக்கூடும்; ஆனால் காசநோய் மறைந்திருந்து, தாமதமாகவே கண்டறியப்படும். கிருமியும் எதிர்ப்புத் திறன் பெறக்கூடும். பின்னாளில் உயிர்காக்கத் தேவைப்படும் மருந்து அப்போது பயன்படாமல் போகும். இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால், அரசு மருத்துவமனை அல்லது ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவச சளிப் பரிசோதனை செய்துகொள்ளவும்.

சாதாரண வயிற்றுப்போக்கிற்குப் பெரும்பாலும் ஓ.ஆர்.எஸ். கரைசலே முதன்மையான சிகிச்சை. மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், நீரிழப்பு ஆகியவை இருந்தால் மருத்துவரை அணுகவும்.

கவனிக்க வேண்டிய பக்கவிளைவுகள்

குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைச்சுற்றல் ஆகியவை பொதுவாகக் காணப்படுபவை. அரிதாயினும் கடுமையான விளைவுகள் சில உண்டு. அவற்றை நோயாளியும் உடனிருந்து பராமரிப்பவரும் அறிந்திருத்தல் அவசியம்.

• தசைநாண் பாதிப்பு: தசையை எலும்புடன் இணைக்கும் நாண், குறிப்பாகக் குதிகாலின் பின்புறம், வலித்து வீங்கலாம், அறுந்தும் போகலாம். மருந்தை நிறுத்திச் சில மாதங்கள் கழித்தும் இது நேரலாம்.
• நரம்பு பாதிப்பு: கை கால்களில் எரிச்சல், மரத்துப்போதல். இது நிரந்தரமாகவும் ஆகலாம்.
• மனநிலை மாற்றம்: குழப்பம், பதற்றம், உறக்கமின்மை.
• இரத்தச் சர்க்கரைக் குறைவு: வியர்வை, நடுக்கம், படபடப்பு, தடுமாற்றம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளையோ இன்சுலினையோ பயன்படுத்துவோருக்கு இந்த ஆபத்து அதிகம். நினைவுடன் இருந்தால் உடனே சர்க்கரை நீர் கொடுக்கவும்.
• பெருந்தமனி பாதிப்பு: மார்பு, முதுகு அல்லது வயிற்றில் திடீரெனக் கடும் வலி. தாமதிக்காமல் 108 ஆம்புலன்ஸை அழைக்கவும்.

இக்காரணங்களால், அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016இல், சாதாரண சைனஸ் தொற்று, மூச்சுக்குழாய் அழற்சி, சிக்கலற்ற சிறுநீர்த் தொற்று ஆகியவற்றுக்கு வேறு மருந்து இருக்கையில் இவற்றைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தியது. ஐரோப்பிய மருந்து முகமையும் 2018இல் இவற்றின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியது.

மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டியவை

• வயது 60-க்கு மேல். ஸ்டீராய்டு மருந்து உட்கொள்ளுதல். உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றிருத்தல்
• முன்னர் இம்மருந்துகளால் தசைநாண் வலியோ ஒவ்வாமையோ ஏற்பட்டிருத்தல்
• வலிப்பு, இதயத்துடிப்புக் கோளாறு, பெருந்தமனி வீக்கம், சிறுநீரக நோய், மயஸ்தீனியா கிராவிஸ் எனும் தசைத் தளர்ச்சி நோய்
• கர்ப்பம், தாய்ப்பால் ஊட்டுதல்
• வார்ஃபரின், தியோஃபிலின், டைசானிடின் உள்ளிட்ட பிற மருந்துகள்

18 வயதுக்குட்பட்டோருக்கு மருத்துவர் அவசியம் எனக் கருதும் நிலைகளில் மட்டுமே இவை தரப்படும்.

உட்கொள்ளும் முறை

மாத்திரையைப் போதிய தண்ணீருடன் விழுங்கவும்; பாலுடன் உட்கொள்ள வேண்டாம். இரும்பு, கால்சியம், துத்தநாகச் சத்து மாத்திரைகளும் அமில முறிவு மருந்துகளும் குயினோலோனை உடல் ஈர்க்கவிடாமல் தடுக்கும். சிப்ரோஃபிளாக்சசினை இவற்றுக்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ உட்கொள்ளவும். பிற மருந்துகளுக்கான இடைவெளியை மருந்தாளுநரிடம் கேட்டறியவும். கடும் வெயிலைத் தவிர்க்கவும்.

எப்போது நிறுத்த வேண்டும்?

தசைநாண் வலி, மரத்துப்போதல், மனக்குழப்பம், தோல் தடிப்பு ஆகியவற்றின் முதல் அறிகுறி தோன்றியவுடன் அடுத்த மாத்திரையை உட்கொள்ளாமல் அன்றே மருத்துவரை அணுகவும். வலியுள்ள காலுக்கு ஓய்வு கொடுக்கவும். காசநோய் சிகிச்சை பெறுவோர் தாமாக மருந்தை நிறுத்தாமல், அன்றே தமது சிகிச்சை மையத்தின் ஆலோசனையைப் பெற வேண்டும். இத்தகைய அறிகுறிகள் இல்லாதவர்கள், உடல் தேறிவிட்டதெனக் கருதி இடையில் நிறுத்தாமல், மருத்துவர் கூறிய நாட்கள் முழுவதும் உட்கொள்ளவும்.

மீந்த மாத்திரைகளைப் பிறருக்குக் கொடுக்கவோ அடுத்த காய்ச்சலுக்கென வைத்திருக்கவோ வேண்டாம். பக்கவிளைவு ஏற்பட்டால், மருந்தின் பெயரை உங்கள் மருத்துவக் குறிப்பேட்டில் எழுதிவைத்து, ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் காட்டவும். பக்கவிளைவுகளை 1800-180-3024 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் நோயாளிகளே நேரடியாகவும் தெரிவிக்கலாம்.