மனவடு ஆறுமா?

உடலிற் பட்ட காயத்தை ஊரார் அனைவரும் காண்பர், மருந்து கட்டுவர், நலம் உசாவுவர். உள்ளத்திற் பட்ட காயத்தையோ உடன் வாழ்பவரும் காண்பதில்லை. கண்டாலும் அதனைக் காயம் என்று கொள்ளாமல், பிடிவாதம் என்றோ, கோழைத்தனம் என்றோ, பேய் பிடித்தது என்றோ பெயர் சூட்டிவிடுகின்றனர். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் பல்லாண்டு ஆசிரியப் பணி புரிந்துவரும் நானும் இப்பிழையைச் செய்தவன்தான். ஆகவே, இக்காயம் எத்தகையது, இஃது ஆறுமா, ஆற்றுவார் யாவர், எவ்வாறு ஆற்றுவர் என்பனவற்றை நம் பெற்றோரும் ஆசிரியரும் அறியுமாறு எடுத்துரைப்பது என் கடன் எனக் கருதுகின்றேன்.

சயாமிலிருந்து மீண்டவர்

என் தாத்தா பேராக் மாநிலத்தில் பால்மரம் வெட்டியவர். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், 1943ஆம் ஆண்டில், சயாம்–பர்மா இரயில் பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டார். தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை, காடும் மலையும் ஊடுருவிச் செல்லும் 415 கிலோமீட்டர்ப் பாதை அது. 1942இல் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000க்கும் மேற்பட்டோர் அங்கு உழைத்தனர். அவருள் ஏறத்தாழ 12,000 பேர் மாண்டனர். அவரினும் பன்மடங்கு மிகுதியாக உழைத்தவர், மிகுதியாக மாண்டவர் ஆசியத் தொழிலாளரே. மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கும் மேற்பட்டோர் சென்றனர் என்பது மதிப்பீடு. அவருட் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். வாந்திபேதியும் மலேரியாவும் பட்டினியும் அவர்களைக் கூட்டங் கூட்டமாக விழுங்கின. கைதிகளுக்குப் பெயர்ப் பட்டியல் உண்டு. கல்லறைத் தோட்டம் உண்டு. நம்மவர் பலருக்கு அவை இல்லை.

தாத்தா உயிரோடு திரும்பினார். முதுமையில், கேமரன் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த தம் மகளிடம், அஃதாவது என் தாயாரிடம், வந்து சேர்ந்தார். நான் சிறுவனாயிருந்தபோது கண்டவை இவை: கட்டிலுக்கடியில் பால் டின்னில் அரிசி ஒளித்து வைத்திருப்பார். நள்ளிரவில் எழுந்து, படுத்திருக்கும் எங்களை ஒவ்வொருவராக எண்ணிப் பார்ப்பார். லயத்தின் பின்புறம் குப்பையை எரித்தால், அந்தப் புகை வாடை பட்டதும் வீட்டைவிட்டு இறங்கிப் போய்விடுவார். இருட்டிய பின்புதான் திரும்புவார். அவரைச் சயாம் பேய் பிடித்து ஆட்டுகிறது என்றனர் லயத்தார். அங்கு நடந்ததை அவர் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. கேளாமையே அவருக்குச் செய்யும் அன்பு என்றிருந்தோம். அவர் மறைந்த பின்னரே, வாந்திபேதியில் இறந்தோரின் உடல்களை அங்குக் குவித்து எரித்தனர் என்பதை நான் படித்தறிந்தேன்.

நினைவு ஏன் ஆறுவதில்லை?

சாதாரண நினைவுக்குக் காலமும் இடமும் உண்டு. “சென்ற தீபாவளிக்கு ஈப்போ சென்றோம்” என்று நினைக்கும்போது, அது நடந்து முடிந்தது என்பதும் உடன் நினைவில் நிற்கிறது. மூளையில் ஹிப்போகாம்பஸ் எனப்படும் பகுதி, நிகழ்ச்சிகளைக் காலத்தோடும் இடத்தோடும் கோத்து வைக்க உதவுகிறது. அமிக்டலா எனப்படும் மற்றொரு பகுதி, ஆபத்தைக் கண்டதும் அபாய மணி அடிக்கிறது. உயிருக்கே உலை வைக்கும் பேரச்சத்தின்போது மணி ஓங்கி ஒலிக்கிறது. கோக்கும் வேலையோ தடுமாறுகிறது. அதனால், ஒலி, வாடை, உடல் நடுக்கம் ஆகியவை வலுவாகப் பதிகின்றன. “எப்போது, எங்கே” என்னும் கயிற்றில் அவை கோக்கப்படுவதில்லை. பின்னாளில் அந்த வாடையோ ஒலியோ எதிர்ப்பட்டால், பழைய நிகழ்ச்சி நினைவுக்கு வருவதில்லை. இப்போதே நடப்பதுபோல் மீண்டும் நிகழ்கிறது. என் தாத்தாவுக்குக் குப்பைப் புகை நாற்பதாண்டுக்கு முந்திய புகையன்று, அன்றைய புகையே.

இவ்வச்சத்தைத் தாங்க மாட்டாமல் மனிதர், அதனைத் தூண்டும் இடம், பொருள், பேச்சு எல்லாவற்றையும் விலக்குகின்றனர். விலக்கியவுடன் சிறிது நிம்மதி கிடைக்கிறது. ஆனால் ‘இன்று ஆபத்தில்லை’ என்று மனம் கற்றுக்கொள்ளும் வாய்ப்பும் அத்துடன் போய்விடுகிறது. வடு ஆறாமைக்குத் தலையாய காரணங்களுள் இஃது ஒன்று.

என் வகுப்பில் நடந்தது

2013ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் பின்னிரவில், பெருமழையால் நிரம்பிய சுல்தான் அபு பக்கார் அணையின் நீர் திறந்துவிடப்பட, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்தது, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. அதற்குப் பின்வந்த ஆண்டில் என் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். தகரக் கூரையில் மழை அடித்தால் காதைப் பொத்திக்கொள்வாள்; எழுதமாட்டாள்; கேட்ட கேள்விக்கு விடை சொல்லமாட்டாள். அதனை அடம் என்றே கொண்டேன். ஒருநாள் அவளை எழுப்பி, வகுப்புக்கு வெளியே, மழையை நோக்கியவாறு நிற்க வைத்தேன். வெள்ளத்தன்று அவள் அப்பள்ளத்தாக்கில் உறவினர் வீட்டில் இருந்தாள் என்பதை அவள் தாயார் சொல்லி அறிந்தபோது, அவள் இடைநிலைப்பள்ளிக்குச் சென்றுவிட்டாள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் குழந்தை உளவியல் பயின்றவன் நான். தாத்தாவின் புகையைக் கண்டவன் நான். இருந்தும் அவளுடைய மழையை அறிந்திலேன்.

நூறாண்டு முயற்சி

முதல் உலகப் போரில், குண்டடி படாமலே பேச்சிழந்தும் நடுக்குற்றும் வந்த வீரர் பலரைக் கண்டு மருத்துவர் திகைத்தனர். கோழைகள் என்று தண்டிக்கப்பட்டோரும் உண்டு. ஸ்காட்லாந்தின் கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் ரிவர்ஸ் வேறு வழி கண்டார். இவர் நம் நீலகிரியில் தோதவரிடையே ஆராய்ந்து 1906இல் நூல் வெளியிட்ட அறிஞருமாவார். ‘மறந்துவிடு’ என்று வீரரை வற்புறுத்துவது நோயை வளர்க்கும் என்றும், அஞ்சிய நினைவைத் துணையோடு எதிர்கொள்ளச் செய்வதே நன்று என்றும் 1918இல் அவர் எழுதினார். வியட்நாம் போருக்குப் பின், 1980இல், அமெரிக்க உளமருத்துவச் சங்கம் இந்நோயைத் தன் பட்டியலில் முறையாகச் சேர்த்தது. பேரதிர்ச்சிக்குப் பிந்திய மன உளைச்சல் நோய் என்று தமிழில் கூறலாம். யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர் ‘மனவடு’ என்னும் சொல்லை வழங்கி, போரில் அடிபட்ட தமிழ்ச் சமூகத்துக்கு இவ்வறிவைத் தமிழிலேயே கொண்டு சேர்த்தனர்.

ஆற்றும் முறை

கவுன்சலிங் என்பதனை இலங்கைத் தமிழர் ‘ஆற்றுப்படுத்தல்’ என்பர். இச்சொல்லின் பொருத்தம் வியக்கத்தக்கது. வழி காட்டி அனுப்புதலைச் சங்கப் புலவர் ஆற்றுப்படை என்றனர். புண்ணை ஆற்றுகிறோம், துயரை ஆற்றுகிறோம், கொதிக்கும் தேநீரையும் ஆற்றுகிறோம். தேநீரை ஆற்றுபவர் அதனைக் கொட்டிவிடுவதில்லை, மூடி வைப்பதுமில்லை. குவளைக்குக் குவளை மாற்றி, குடிக்கும் பதத்துக்குக் கொண்டுவருகிறார். உளச்சிகிச்சையும் நினைவை அழிப்பதன்று. தாங்கும் பதத்துக்குக் கொணர்வது.

இதற்கெனக் கதைகூறல் வழிச் சிகிச்சை என ஒரு முறை உண்டு. பயிற்சி பெற்றவர் தரையில் ஒரு கயிற்றை விரிப்பார். அஃது அவருடைய வாழ்க்கை. பிறப்பு முதல் இன்று வரை, மகிழ்ச்சி நேர்ந்த இடங்களில் பூவும், துன்பம் நேர்ந்த இடங்களில் கல்லும் வைப்பார் துன்புற்றவர். பின்னர் ஒவ்வோர் அமர்விலும் வாழ்க்கையைப் படிப்படியாகச் சொல்லி வருவார். கல் வந்ததும் தாண்டிச் செல்லாமல், என்ன கண்டார், என்ன கேட்டார், உடல் என்ன செய்தது, மனம் என்ன எண்ணியது என்று மெல்ல மெல்லச் சொல்வார். ‘அஃது அன்று, இஃது இன்று’ என்பதை உடனிருப்பவர் இடையிடையே நினைவூட்டுவார், கேட்டதை எழுதி, அடுத்த அமர்வில் படித்துக் காட்டுவார். சிதறிக் கிடந்த துண்டுகள் இவ்வாறு கயிற்றில் கோக்கப்படுகின்றன. கல் அங்கேயே இருக்கும். ஆனால் அதற்குரிய இடத்தில் இருக்கும்.

இதனை ஒத்தவை வேறும் உள. அச்ச நினைவையும், ‘எல்லாம் என் குற்றமே’ என்பது போன்ற தவறான முடிவுகளையும் ஆராய்ந்து திருத்தும் அறிவுநடத்தைச் சிகிச்சை ஒன்று. நினைவை மனத்திற் கொண்டவாறே கண்களை இருபுறமும் அசைக்கச் செய்யும் முறை மற்றொன்று. 1987இல் பிரான்சின் ஷபிரோ என்பவர் தொடங்கியது. இவ்விரண்டையும் உலகச் சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்தது.

நம் குழந்தைகளுக்கு இவை பயன்படுமா என்று ஐயுறுவோர்க்கு ஒரு சான்று. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின், இலங்கையின் வடகிழக்கில் போரும் கடலும் தாக்கிய 31 சிறுவர்க்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது. ஒரு பிரிவினர்க்கு ஆறு அமர்வுகள் கதைகூறல் முறை. மற்றப் பிரிவினர்க்கு ஆறு அமர்வுகள் தியானமும் தளர்வுப் பயிற்சியும். ஆறு மாதங்களுக்குப் பின் நோக்கியபோது, முதற்பிரிவில் 81 விழுக்காட்டினரும் இரண்டாம் பிரிவில் 71 விழுக்காட்டினரும் நலமடைந்திருந்தனர். 2009இல் வெளியான இவ்வாய்வு சிறியது. சிகிச்சையே பெறாதவரோடு ஒப்பிட்டதன்று. எனினும் இரு வழிகளிலும் பெரும்பாலோர் தேறினர் என்பது நமக்கு நம்பிக்கை தருவது.

செய்யத்தக்கவையும் தகாதவையும்

துன்புற்றோர் எல்லாரும் நோயுறுவதில்லை. பெரும்பாலோர் உற்றார் துணையால் தாமே தேறிவிடுவர். நிகழ்ச்சி நடந்த மறுநாளே ஒருவரை உட்கார வைத்து ‘எல்லாவற்றையும் சொல்’ என்று வற்புறுத்துதல் தவறு. அதனால் நோய் தடுக்கப்படுவதில்லை என ஆய்வுகள் காட்டின. முதலில் வேண்டுவது பாதுகாப்பு, உணவு, உறக்கம், தெரிந்த முகங்கள். இறந்தோர்க்குச் செய்யும் கருமாதியும், பெண்டிர் கூடி வைக்கும் ஒப்பாரியும் துயர் ஆற்றும் வழிகளே. சயாமில் மாண்டோர் பலருக்கு உடலும் கிடைக்கவில்லை, செய்தியும் கிடைக்கவில்லை. ஆதலின் அவர்தம் குடும்பங்கள் அழுது முடிக்கவும் இயலவில்லை.

ஒரு மாதத்துக்கு மேலும் கெட்ட கனவு, திடுக்கிடல், விலகி ஒடுங்குதல், காரணமற்ற சினம் ஆகியவை நீடித்தால், கைதேர்ந்தவரை நாடவேண்டும். அரசு மருந்தகத்து மருத்துவரிடம் சொன்னால், உளமருத்துவப் பிரிவுக்குக் கடிதம் தருவார். ஆசிரியர் தாமே சிகிச்சை செய்ய முற்படலாகாது. நம் வேலை காண்பது, கேட்பது, உரியவரிடம் சேர்ப்பது. குழந்தையின் கதையை ஆசிரியர் அறையில் பரப்பாமலிருப்பதும் நம் வேலையே. சாராயத்தால் மறக்க முயல்வோரைத் தோட்டத்தில் நிரம்பக் கண்டுள்ளோம். போதை தெளிந்ததும் அந்நினைவு பழையபடியே வந்து நிற்கும்.

இப்போது எங்கள் பள்ளியில் பெருமழை தொடங்கினால், ஆசிரியர் பாடத்தைச் சற்று நிறுத்தி, பிள்ளைகளின் முகங்களைப் பார்ப்பர். ஒடுங்கும் பிள்ளையை அருகில் அமர்த்திக்கொள்வர். மாலையில் அதன் பெற்றோரிடம் பேசுவர். இதற்குப் பணம் வேண்டியதில்லை, பட்டமும் வேண்டியதில்லை. இதைப் படிக்கும் ஆசிரியர் ஒவ்வொருவரும் தம் வகுப்பில் ‘அடம்பிடிக்கும்’ பிள்ளை ஒன்றை இவ்வாரம் மீண்டும் ஒருமுறை நோக்குவாராக. தண்டிக்குமுன், ‘இப்பிள்ளைக்கு என்ன நேர்ந்தது?’ என்று தாயாரிடம் கேட்பாராக. அச்சிறுமியின் பொருட்டு நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுவே.