கென்யா போகும் முன் கொசுவைப் படியுங்கள்



சென்ற மாதம் படிவம் நான்கு வகுப்பில் ஒரு மாணவி கையைத் தூக்கினாள். "டீச்சர், ஆண்டிறுதி விடுமுறைக்குக் கென்யா போகிறோம். சித்தப்பா நைரோபியில் வேலை செய்கிறார். சிங்கம், யானை எல்லாம் காட்டுக்குள்ளேயே பார்க்கலாமாம். ஆனால் அம்மா முதலில் ஊசி போட வேண்டும் என்கிறார். சிங்கத்துக்கும் ஊசிக்கும் என்ன சம்பந்தம்?"

வகுப்பே சிரித்தது. நல்ல கேள்விதான். கென்யாவில் பயணிகள் சிங்கத்தைவிட அதிகமாக அஞ்ச வேண்டியது கொசுவைத்தான். அதுவும் ஒரு கொசுவை அல்ல, இரண்டு கொசுக்களை. ஒன்று பகலில் கடிக்கும், மற்றொன்று இரவில் கடிக்கும். இந்த வாரம் அவற்றைப் பற்றிப் பார்ப்போம். நீங்கள் கென்யாவுக்குப் போகாவிட்டாலும் பரவாயில்லை. இந்தக் கதையில் நம் பேராக் தோட்டங்களும் வருகின்றன.

பகல் கொசுவும் மஞ்சள் அட்டையும்

மாணவியின் அம்மா சொன்னது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. இந்த நோயை உண்டாக்கும் வைரஸ் ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் உண்டு. ஆசியாவில் இல்லை. ஆனால் அதைப் பரப்பும் கொசு உங்கள் வீட்டுப் பூந்தொட்டித் தட்டிலேயே இருக்கலாம். அது வேறு யாரும் இல்லை, டிங்கியைப் பரப்பும் அதே ஏடிஸ் எஜிப்தி.

இப்போது யோசித்துப் பாருங்கள். கொசு இங்கே தயாராக இருக்கிறது, வைரஸ் மட்டும்தான் இல்லை. நோய் தொற்றிய ஒருவர் விமானத்தில் வந்து இறங்கி, அவரை ஓர் ஏடிஸ் கடித்தால் என்ன ஆகும்? அதனால்தான் மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள நாடுகளிலிருந்து வருபவர்களிடம் மலேசியா தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கிறது. ஒரு வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் இது பொருந்தும். கென்யாவும் அந்தப் பட்டியலில் உள்ள நாடுதான். இங்கிருந்து நேராகப் போகிறவரிடம் கென்யா இதைக் கேட்காமல்கூட விடலாம். ஆனால் திரும்பி வரும்போது நம் நாடு கேட்கும். சான்றிதழ் இல்லாதவரைச் சில நாள் தனிமைப்படுத்தி வைக்கவும் சட்டத்தில் இடம் உண்டு.

இந்தத் தடுப்பூசியின் பெயர் 17டி. மேக்ஸ் தைலர் என்ற விஞ்ஞானியின் குழு 1937இல் இதை உருவாக்கியது. அதற்காக அவருக்கு 1951இல் நோபல் பரிசு கிடைத்தது. இதில் இருப்பது வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ். நம் உடல் அதை எதிரியாக எண்ணி எதிர்ப்பொருளைத் தயாரிக்கப் பல நாள்கள் எடுத்துக்கொள்ளும். ஆகவே ஊசி போட்ட 10ஆம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். விமானம் ஏறுவதற்கு முதல் நாள் ஊசி போட ஓடுவதில் பயனில்லை. ஒரு முறை போட்டால் போதும். 2016 ஜூலை முதல் அந்தச் சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லும்.

இந்தத் தடுப்பூசிக்கான வைரஸைக் கோழி முட்டையில் வளர்ப்பார்கள். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், 60 வயதைத் தாண்டியவர்கள் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தாத்தா பாட்டியையும் கூட்டிச் செல்கிறீர்கள் என்றால் இதை மறக்காதீர்கள்.

இரவுக் கொசுவும் தோட்டத்துக் காய்ச்சலும்

இரண்டாவது கொசு அனோபிலிஸ். இது மலேரியாவைப் பரப்புகிறது. பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை கடிக்கும்.

என் குடும்பம் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தது. இன்று அங்கே லயமும் இல்லை, பால் மரமும் இல்லை. என் பாட்டி தன் தாயார் சொன்ன கதையை எங்களுக்குச் சொல்வார். விடியற்காலை பெரட்டுக்கு ஆள்கள் வரிசையாக நிற்கும்போது டிரெசர் ஒரு குவளையுடன் வருவாராம். கொய்னா மருந்தை வாயில் ஊற்றி, விழுங்கிவிட்டார்களா என்று பார்த்துவிட்டுத்தான் வேலைக்கு அனுப்புவாராம். அவ்வளவு கசப்பு! திரும்பிய கையோடு துப்பிவிடுகிறவர்களும் இருந்தார்களாம். துப்பியவர்களில் சிலர் அடுத்த மாதம் பெரட்டுக்கு வரவில்லை என்று சொல்லும்போது பாட்டியின் குரல் இறங்கிவிடும்.

அந்தக் கொய்னாதான் சிங்கோனா மரப் பட்டையிலிருந்து எடுக்கும் குவினைன்.

மலேரியாக் கிருமியைக் கொசு சுமக்கிறது என்பதை ரொனால்ட் ரோஸ் 1897 ஆகஸ்ட் 20ஆம் நாள் செகந்திராபாத்தில் கண்டறிந்தார். நான்கே ஆண்டுகளில் அந்த அறிவு மலாயாவுக்கு வந்துவிட்டது. 1901இல் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் கிள்ளானில் சதுப்பு நிலங்களின் நீரை வடியச் செய்தார். காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது.

ஆனால் அதே உபாயம் மலைப்பாங்கான தோட்டங்களில் பலிக்கவில்லை. ஏன் தெரியுமா? கடலோரச் சதுப்பில் வளரும் அனோபிலிஸ் வகை நிழலை விரும்புவது. மலையடிவாரத்தில் இருந்தது அனோபிலிஸ் மாக்குலாத்துஸ். அது வெயில் படும் தெளிந்த நீரோடையில் முட்டையிடும். ரப்பர் நடக் காட்டை வெட்டியபோது நிழலில் ஓடிய ஓடைகள் வெயிலுக்கு வந்தன. கொசுவுக்கு நாமே தொட்டில் கட்டிக் கொடுத்தது போல் ஆயிற்று. பிறகு நிலத்துக்கு அடியில் குழாய் பதித்து நீரைக் கொண்டுபோனார்கள். ஓடைகளில் எண்ணெய் தெளித்தார்கள். அனோபிலிஸ் புழு நீரின் மேற்பரப்பில் படுத்தபடி காற்றைச் சுவாசிக்கும். எண்ணெய்ப் படலம் அதன் மூச்சை அடைத்துவிடும்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. "கொசுவை ஒழிப்போம்" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. எந்தக் கொசு, எங்கே முட்டையிடும், எப்போது கடிக்கும் என்று தெரிந்தால்தான் அதை வெல்ல முடியும்.

2018இல் தொடங்கித் தொடர்ந்து பல ஆண்டுகள், மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா மலேசியாவுக்குள் ஒருவருக்கும் தொற்றியதாகப் பதிவாகவில்லை. நம் முன்னோர் பட்ட பாட்டை நினைத்தால் இது பெரிய வெற்றி. காட்டுக் குரங்குகளிடமிருந்து பரவும் நோலெசி வகை மட்டும் இன்னும் இருக்கிறது. ஆப்பிரிக்காவிலோ நிலைமை வேறு. 2023இல் உலகில் மலேரியாவால் இறந்தவர்கள் சுமார் 6 லட்சம். அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்கள், பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

ஊருக்கு வந்த பிறகும் ஏன் மாத்திரை?

கென்யா முழுவதும் அபாயம் ஒன்றுபோல் இல்லை. நைரோபி உயரமான, குளிர்ந்த நகரம். அங்கே அபாயம் குறைவு. மொம்பாசா கடற்கரையிலும் விக்டோரியா ஏரிக்கரையிலும் அதிகம். எங்கெல்லாம் போகிறீர்கள் என்று மருத்துவரிடம் சொன்னால் அதற்கேற்ற தடுப்பு மாத்திரையைத் தருவார்.

அந்த மாத்திரையை ஊர் திரும்பிய பின்னும் சாப்பிட வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். எங்கள் தாமானில் ஒருவர் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போய் வந்தார். "வீட்டுக்கு வந்தாயிற்று, இனி எதற்கு?" என்று மாத்திரையை நிறுத்திவிட்டார். இரண்டாவது வாரம் கடும் காய்ச்சல், நடுக்கம். எல்லாரும் டிங்கி என்றே நினைத்தோம். அவரும் போய்வந்த பயணத்தை யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அவருடைய மகள்தான் மருத்துவரிடம் அதைச் சொன்னாள். இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். பால்சிபாரம் மலேரியா! நல்ல வேளையாகப் பிழைத்துக்கொண்டார்.

நடந்தது என்ன? கொசு கடித்ததும் கிருமி நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே ஒரு வாரமோ அதற்கு மேலோ ஒளிந்து பெருகுகிறது. அப்போது காய்ச்சல் இருக்காது. பிறகுதான் இரத்தத்துக்குள் வந்து சிவப்பணுக்களை உடைக்கிறது. டாக்ஸிசைக்ளின், மெஃப்லோகுயின் போன்ற மருந்துகள் இரத்தத்தில் இருக்கும் கிருமியைத்தான் தாக்கும். கல்லீரலில் இருப்பது வெளியே வரும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் அவற்றை ஊர் திரும்பி 4 வாரம் சாப்பிட வேண்டும். அட்டோவாகுவோன்-புரோகுவானில் கல்லீரலில் இருப்பதையும் கொல்லும். ஆகவே அதற்கு 7 நாள் போதும். எது யாருக்கு ஏற்றது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். உதாரணமாக, டாக்ஸிசைக்ளின் சிறு பிள்ளைகளுக்கு உகந்ததல்ல.

உயரத்தில் ஓர் அறிவியல் கூடம்

கொசுவை விட்டு இனி மகிழ்ச்சியான விஷயங்களுக்கு வருவோம்.

நைரோபி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரம். நம் கேமரன் மலையின் தானா ராத்தாவைவிட உயரம். உயரம் கூடினால் காற்றழுத்தம் குறையும். ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு பாகை வீதம் நீரின் கொதிநிலையும் இறங்கும். கணக்குப் போடுங்கள்: அங்கே தண்ணீர் சுமார் 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். சோறு வேகக் கூடுதல் நேரமாகும். கிருமிகளைக் கொல்ல 94 பாகை போதும். ஆகவே கொதித்த நீரை நம்பிக் குடிக்கலாம். ஐஸ் கட்டி எந்த நீரில் செய்தது என்று தெரியாவிட்டால் வேண்டாம்.

காற்று குளிர்ச்சியாக இருப்பதால் வெயில் உறைக்காது. ஆனால் புறஊதாக் கதிர் ஒவ்வோர் 1,000 மீட்டருக்கும் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது. தோல் கருகியது இரவில்தான் தெரியும். தொப்பியும் சன் கிரீமும் தேவை. முதலில் சன் கிரீம், அதன் மேல் கொசு மருந்து. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

நன்யுக்கி என்ற ஊரில் நிலநடுக்கோடு செல்கிறது. அங்கே ஒருவர் துளையிட்ட பாத்திரத்தில் நீர் ஊற்றிக் காட்டுவார். கோட்டுக்கு ஒரு பக்கம் நீர் வலமாகச் சுழலும், மறுபக்கம் இடமாகச் சுழலும். பார்க்க வேடிக்கைதான், ஆனால் வித்தைதான். பூமியின் சுழற்சி புயலைத் திருப்பும், பாத்திரத்து நீரைத் திருப்பும் வலிமை அதற்கு இல்லை. நிலநடுக்கோட்டின் மீது அந்த விளைவு சுழியம். நீரை எந்தப் பக்கத்திலிருந்து ஊற்றுகிறார் என்று கவனியுங்கள், இரகசியம் பிடிபடும். உங்கள் வீட்டுப் பாத்திரத்திலும் செய்து பாருங்கள்.

கைக்கடிகாரத்தை 5 மணி நேரம் பின்னுக்கு வையுங்கள். சுவாஹிலி மொழியில் மணி கேட்டால் குழம்பாதீர்கள். அவர்கள் விடியலிலிருந்து எண்ணுவார்கள். நம் காலை 7 மணி அவர்களுக்கு 1 மணி! மின்சாரத்தில் குழப்பமே இல்லை. நம்முடையதைப் போலவே 240 வோல்ட், மூன்று தட்டைக் கால் பிளக். பிளாஸ்டிக் பை மட்டும் கொண்டுபோகாதீர்கள். 2017 ஆகஸ்டிலிருந்து கென்யாவில் அதற்குத் தடை. துணிப் பை போதும்.

பயணப் பட்டியல்

• ஆறு வாரத்துக்கு முன்: மருத்துவரைப் பாருங்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசியைச் சுகாதார அமைச்சு அங்கீகரித்த மையத்தில் மட்டும் போடுங்கள்.
• மஞ்சள் அட்டையைக் கடப்பிதழோடு வையுங்கள். பெட்டியில் போடாதீர்கள்.
• மாலையில் நீளக் கை சட்டை, நீளக் கால்சட்டை. இரவில் மருந்து தோய்த்த கொசுவலை.
• மாத்திரையை ஒரு நாள்கூட விடாதீர்கள். கடைசி மாத்திரைக்கு நாள்காட்டியில் குறியிடுங்கள்.
• திரும்பி வந்த பிறகு, சில மாதங்கள் கழித்தானாலும், காய்ச்சல் கண்டால் அன்றே மருத்துவரிடம் போங்கள். வாயைத் திறந்ததும் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்: "நான் ஆப்பிரிக்காவுக்குப் போய் வந்தேன்."

அந்த மாணவியிடம் இதையெல்லாம் சொன்னேன். "மாத்திரை கசக்குமா டீச்சர்?" என்று கேட்டாள். பாட்டி சொன்ன கொய்னாக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் துப்ப மாட்டேன் டீச்சர்" என்றாள்.